பலகையில் ஊராட்சி ஒன்றியம்… பொறுப்பில் யார்?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் சுற்றுச்சுவரில் விரிசல். ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்கள்தான். பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தாய் இதை யாரிடம் போய்ச் சொல்வது? தலைமையாசிரியரிடம் சொன்னால், கட்டட வேலையெல்லாம் வட்டார வளர்ச்சி அலுவலர் கையில் என்பார். பி.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்தால், பள்ளி விவகாரம் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக வரட்டும் என்பார்கள். பி.இ.ஓ.வைப் பார்த்தால், நிதி ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து வர வேண்டும் என்று பதில் வரும். சரி, ஊராட்சித் தலைவரையே பிடித்துவிடலாம் என்றால், தமிழகத்தின் 28 மாவட்டங்களில் அவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துபோனது.

சட்டப்படி பார்த்தால் இத்தனை அலைச்சலுக்கு வேலையே இல்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 32, விலாசத்தைத் தெளிவாகவே சொல்கிறது. குழந்தையின் கல்வி உரிமை பற்றி யாருக்குக் குறை இருந்தாலும் உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுதிக் கொடுக்கலாம். அந்த அமைப்பு மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அதில் மனநிறைவு இல்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

அதே சட்டத்தின் பிரிவு 9 இன்னும் ஒரு படி மேலே போகிறது. கட்டடம், ஆசிரியர், கற்பித்தல் பொருள்கள் எல்லாம் கிடைக்கச் செய்வது, எல்லைக்குள் வாழும் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் அனைவருக்கும் பதிவேடு வைப்பது, பிழைப்புக்காக இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, பள்ளிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கண்காணிப்பது எல்லாமே உள்ளூர் அமைப்பின் கடமைகள். அந்தப் பட்டியலின் கடைசி வரியைப் படித்தால் தலைமையாசிரியர்களே சிரித்துவிடுவார்கள். பள்ளியின் கல்வி நாட்காட்டியை முடிவு செய்வதும் உள்ளூர் அமைப்பின் வேலையாம். தமிழ்நாட்டில் அந்த நாட்காட்டி ஒவ்வொரு ஆண்டும் சென்னையிலிருந்து வருகிறது.

சட்டம் மீறப்படுகிறதா என்றால், அதுவும் இல்லை. 'உள்ளூர் அதிகார அமைப்பு' என்பதற்குத் தரப்பட்ட வரையறையில் மாநகராட்சி, நகராட்சி, மாவட்ட ஊராட்சி, ஊராட்சி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பள்ளியின் மீது நிர்வாகக் கட்டுப்பாடு உள்ள வேறு அமைப்பும் அதில் அடங்கும் என்று ஒரு வாலையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு கல்வித் துறை அலுவலர்களே உள்ளாட்சியின் இடத்தில் அமர்ந்துவிட முடிகிறது. உள்ளாட்சியிடம் பள்ளியைக் கொடுத்த கையாலேயே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கதை தமிழ்நாட்டில் நூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது.

ஓர் அணாவும் ஒரு தடையும்

1920-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம் என்பது கணக்கு. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தின் தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தது. கல்விக்கென்று தனி வரி போட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கிடைத்தது.

ஐந்து ஆண்டுகள் தாங்கவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று மாகாண அரசு 1925 ஏப்ரல் முதல் தடுத்துவிட்டது. பள்ளி மாநகராட்சியுடையது, பசியும் அந்த ஊர்ப் பிள்ளைகளுடையது. ஆனால் எதற்குச் செலவு செய்யலாம் என்று சொல்லும் அதிகாரம் மட்டும் கோட்டையில் இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் ஒரு மாநகராட்சிப் பள்ளியில்தான், மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். இம்முறை கோட்டையே மனம் வைத்ததால் திட்டம் மாநிலம் முழுதும் பரவியது. பிள்ளைகளுக்கு நல்ல காலம். ஆனால் இரண்டு தடவையும் முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்பதைக் கவனித்தாக வேண்டும்.

நாட்டுப்புறத்தின் கதை வேறு பாதையில் போனது. ஜில்லா போர்டு நடத்திய பள்ளிகளை 'போர்டு ஸ்கூல்' என்று சொல்லும் தாத்தாக்கள் இன்றும் பல ஊர்களில் இருக்கிறார்கள். 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்துக்குப் பின் ஜில்லா போர்டுகள் மறைந்தன, ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தன, தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களின் கைக்கு வந்தன. பள்ளி வாசலில் இருக்கும் 'ஊராட்சி ஒன்றிய' என்ற பெயர் அந்தக் காலத்தின் அடையாளம்.

1981-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களை அரசு ஊழியர்களாக ஆக்கியது. ஆசிரியர் சங்கங்கள் கேட்டுப் பெற்ற உரிமை அது. கேட்டதற்குக் காரணமும் இருந்தது. ஒன்றியத் தலைவருக்குப் பிடிக்காத ஆசிரியர் எங்கே தூக்கி அடிக்கப்படுவாரோ என்ற பயம் ஒழிந்தது. மாதச் சம்பளத்துக்கும் ஒன்றியத்தின் கஜானாவைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை என்றானது. ஆனால் ஆசிரியரைப் பாதுகாத்த அந்த மாற்றம் பள்ளிக்கும் ஒன்றியத்துக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்தது. கரும்பலகைக்கு இந்தப் பக்கம் கல்வித் துறை, சுவருக்கு அந்தப் பக்கம் ஊரக வளர்ச்சித் துறை. பி.இ.ஓ., பி.டி.ஓ. என்ற இரட்டை வாசல் அப்படி வந்ததுதான்.

மிஞ்சியிருந்த ஒரு கயிறும் அண்மையில் அறுந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பணிமூப்பும் பதவி உயர்வும் பல பத்தாண்டுகளாக ஒன்றிய அளவில்தான் கணக்கிடப்பட்டன. ஓர் ஒன்றியத்தில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர் அதே ஒன்றியத்துக்குள் தலைமையாசிரியராக உயரலாம். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 இதை மாநில அளவிலான பணிமூப்பாக மாற்றியது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் இயக்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு தெருவில் இறங்கியது. பதவி உயர்வு வேண்டுமென்றால் குடும்பத்தை விட்டு வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டிவரும் என்பது முக்கியமாக ஆசிரியைகளின் கவலை. ஆசிரியர்களின் போராட்டமாகவே அது செய்திகளில் வந்தது. ஒன்றியப் பள்ளியின் நிர்வாகத்தில் ஒன்றியம் என்ற எல்லைக்கே இனி பொருள் இல்லாமல் போகிறது என்பதை அதிகம் பேர் பேசவில்லை.

தேர்தல் இல்லாத ஊரில்

அரசியலமைப்பின் 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பதினோராவது அட்டவணை அடுக்குகிறது. அதில் பதினேழாவது, தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி. எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றம் தீர்மானிக்கலாம் என்று விட்டதால், பட்டியல் பட்டியலாகவே நின்றது.

ஆனால் ஒரு விஷயத்தில் அரசியலமைப்பு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடித்தாக வேண்டும். 243 ஈ பிரிவு ஊராட்சிக்கும், அதற்கு இணையான வேறொரு பிரிவு நகராட்சிக்கும் இதைச் சொல்கின்றன. அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை அழுத்தமாக உறுதி செய்தது. வாக்காளர் பட்டியல் தயாராகவில்லை, வார்டு வரையறை முடியவில்லை என்பதெல்லாம் சாக்குகளாகிவிடக் கூடாது. மனித சக்திக்கு மீறிய பேரிடர் போன்ற மிக அரிதான சூழலில் மட்டுமே தாமதத்தை ஏற்கலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

தமிழ்நாடு இதை எப்படிக் கையாண்டது? 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிப்பை, இட ஒதுக்கீடு தொடர்பாக தி.மு.க. தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று ரத்து செய்தது. அப்போது அ.தி.மு.க. ஆட்சி. தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களின் காலம் ஆறு மாதம், ஆறு மாதமாகச் சட்டத் திருத்தங்களால் நீண்டது. ஊரகத் தேர்தல் கடைசியில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் நடந்தது. அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். புதிதாகப் பிரிக்கப்பட்டதால் சிக்கலுக்கு உள்ளான ஒன்பது மாவட்டங்களை உச்ச நீதிமன்றம் தள்ளிவைத்தது. அந்த ஒன்பதுக்கும் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றும் தேர்தல் நடந்தது. இந்த நீண்ட இடைவெளியில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியத்தில் பெரும் தொகை வராமல் நின்றது.

மயிலாடுதுறை தனி மாவட்டமானதால் அந்த 27 இப்போது 28. அங்கே ஐந்தாண்டு முடிந்த 2025 ஜனவரியில் தி.மு.க. ஆட்சி. வார்டு மறுவரையறை, நகராட்சி மாநகராட்சி விரிவாக்கம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. மறுபடியும் தனி அலுவலர்கள். அன்று நீதிமன்றத்துக்குப் போன கட்சியும் அன்று ஆண்ட கட்சியும் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான்.

மாநிலத்தில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். கிராம ஊராட்சியின் தனி அலுவலர் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலர்களின் தலையில் விழுகிறது. அவர் எந்த ஊர்ப் பள்ளிக் கழிப்பறையின் தாழ்ப்பாளைப் பற்றிக் கவலைப்படுவார்? பள்ளிக்குத் தண்ணீர் விடுவது, தெருவிளக்கு, வளாகத்தைச் சொற்பக் கூலிக்குச் சுத்தம் செய்யும் தூய்மைப் பணியாளர் என்று சட்டப் புத்தகத்தில் இடம்பெறாத நூறு சின்ன வேலைகளுக்கு ஊர்க்காரர் கதவைத் தட்டுவது தலைவர் வீட்டில்தான். அந்த வீட்டுக்காரருக்குக் கையெழுத்து அதிகாரம் இல்லை என்றானபின், தட்டுவதற்குக் கதவு இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இது எதிரொலிக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழகத்தில் 2022-இல் ஏறத்தாழ 37 ஆயிரம் அரசுப் பள்ளிகளில் இவை புதிதாக அமைக்கப்பட்டன, 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து மறுபடி கட்டமைக்கப்பட்டன. உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் குழுவில் இடம் உண்டு. மன்றமே காலாவதியான ஊரில் அந்த இடத்தில் உட்காரச் சட்டப்படி தகுதியுள்ளவர் யாரும் இல்லை. குழு கூடித் தீர்மானம் போடலாம். அதை எடுத்துக்கொண்டு ஒன்றியக் கூட்டத்தில் சண்டை போட ஒரு கவுன்சிலர் வேண்டுமே!

நீதிமன்றமே கதவு

உள்ளூரில் பதில் சொல்ல ஆள் இல்லாத கேள்விகள் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போகின்றன. கட்டடப் பாதுகாப்பு இதற்குக் கொடூரமான உதாரணம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக்குப் பிடித்த தீயில் 94 பிள்ளைகள் கருகினார்கள். அது தனியார் நிர்வாகத்தில் இருந்த பள்ளி. ஆனாலும் கட்டடத்துக்கு உரிமம், ஆய்வு, சான்று என்று பொறுப்பில் இருந்த அத்தனை அரசு, உள்ளாட்சி அலுவலகங்களும் கேள்விக்கு உள்ளாயின. அந்தத் தீயை அடுத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்றது. எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவிகள், கட்டட விதிகள் கட்டாயம் என்று உத்தரவிட்டது. கழிப்பறையும் குடிநீரும் இல்லாத பள்ளி குறித்து 2012-இல் இன்னொரு உத்தரவு வந்தது, ஆறு மாதக் கெடுவோடு.

உத்தரவு மட்டும் சுவரைத் தாங்கிப் பிடிக்குமா? 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஓர் உதவிபெறும் பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுதும் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் வேலை முடுக்கிவிடப்பட்டது. அடுத்த நிதிநிலை அறிக்கையில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுக்கு 7,000 கோடி ரூபாய்ப் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் ராஜஸ்தானின் ஜாலாவாட் மாவட்டத்தில் அரசுப் பள்ளிக் கட்டடம் இடிந்து ஏழு பிள்ளைகள் பலியானபோது, அந்த மாநில உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. எங்கேயும் இதே வரிசைதான்: முதலில் சாவு, அப்புறம் நீதிமன்றம், கடைசியில் கணக்கெடுப்பு. பழுதான சுவரை முதலில் பார்ப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் சொல்லைக் கேட்டு உடனே ஒரு தொகையை எடுத்துச் செலவிடக் கூடிய அதிகாரம்தான் ஊரில் இல்லை.

பணம் பற்றிய சண்டையோ இன்னும் உயரத்தில் நடக்கிறது. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழக அரசு கையெழுத்திடாததால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்கு வர வேண்டிய 2,100 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை நின்றது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவைக்கும் நெருக்குதல் இது என்று சொல்லி, அரசியலமைப்பின் 131-ஆவது பிரிவின்கீழ் தமிழக அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில் கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதிப் பங்கை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தது. சட்டம் விதித்த கடமையைக் கொள்கைச் சண்டையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்றது. ஒன்றிய அரசிடமிருந்து பணம் வரவில்லை என்று சொல்லி மாநிலமும் தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றது. அந்தச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நடக்கும் 25 சதவீத ஏழை மாணவர் சேர்க்கை அந்த ஆண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போய், பணம் வந்தபின் அக்டோபரில்தான் தொடங்கியது. தில்லிக்கும் சென்னைக்கும் இடையில் நடந்த இந்தக் கணக்கு வழக்கில் ஊராட்சி, நகராட்சி எதற்கும் பங்கே இல்லை. சட்டத்தின் 9-ஆவது பிரிவில் மட்டும் அவை இருக்கின்றன.

செப்டம்பர் 1, 2025 அன்று வந்த ஆசிரியர் தகுதித் தேர்வுத் தீர்ப்பு நேராக வகுப்பறைக்குள் நுழைந்தது. நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மசீ அமர்வு சொன்னது இது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள், எப்போது பணியில் சேர்ந்திருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும். இல்லையேல் பணியை விட்டு விலக வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்வு எழுதாமல் தொடரலாம். ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வுக்குப் போனது.

தகுதித் தேர்வை தேசிய ஆசிரியர் கல்வி மன்றம் அறிவித்ததே 2010 ஆகஸ்டில்தான். அதற்கு முன்பே, அன்றைய விதிகளின்படி தகுதியோடு சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்த ஆசிரியை, ஐம்பது வயதில் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நிலை. தமிழக அரசு மறுஆய்வு மனுவோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பிள்ளைகளுக்குத் தரமான ஆசிரியர் வேண்டும் என்ற நீதிமன்றத்தின் அக்கறையில் குறை காண முடியாது. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போனால் என்ன ஆகும் என்பதைத் தீர்ப்பின் பக்கங்களிலிருந்து கணக்கிட முடியாது. அதை அந்த ஒன்றியத்தின் பள்ளிப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும். (இதே கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 27, ஆசிரியர்களை வேறு வேலைக்கு அனுப்பத் தடை விதித்துவிட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்கள் ஆகியவற்றோடு உள்ளாட்சித் தேர்தல் பணிக்கும் விலக்குத் தருகிறது. தமிழக ஆசிரியர்களுக்கு அந்தக் கடைசிப் பணி அடிக்கடி வாய்ப்பதில்லை.)

பக்கத்து மாநிலத்தில் வேறு மாதிரி முயன்று பார்த்தார்கள். கேரள அரசு 1995-இல் தொடக்கப் பள்ளிகளைக் கிராம ஊராட்சிகளுக்கும் உயர்நிலைப் பள்ளிகளை மாவட்ட ஊராட்சிகளுக்கும் மாற்றியது. அடுத்த ஆண்டு மக்கள் திட்டம் வந்தபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. ஆசிரியர் நியமனமும் சம்பளமும் அங்கும் மாநில அரசிடமே இருக்கின்றன. தமிழக ஆசிரியர்கள் 1981-இல் பெற்ற பாதுகாப்பை இழக்காமலேயே பள்ளிக் கட்டடத்தையும் பராமரிப்பையும் ஊருக்குக் கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று. கட்டடம் உள்ளாட்சியிடம் இருந்தால், அதன் ஆண்டுத் திட்டத்தில் பள்ளிக்கு ஒரு வரி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஊர்க்காரர் கேட்பார்.

இங்கே அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சென்னையின் சொத்து வரியில் கல்வி வரி என்று ஒரு பங்கு இன்றும் வசூலாகிறது. புறநகர் மண்டலங்களில் இருந்த சுமார் 140 அரசுப் பள்ளிகள் அண்மை ஆண்டுகளில் மாநகராட்சியின் கைக்கு மாறின. பள்ளியும் உண்டு, வரியும் உண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் உண்டு என்ற அரிய சேர்க்கை அது. நகரத்துக்குச் சாத்தியமான ஏற்பாடு கிராமத்துக்கு ஏன் ஆகாது என்ற கேள்விக்கு எந்த ஆட்சியும் வாயைத் திறந்து பதில் சொன்னதில்லை. கிராம ஊராட்சிக்கு வந்த பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. மீதியில்தான் ஊரின் மற்ற எல்லாத் தேவையும். அதைப் பெறவும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டியிருந்தது.

தள்ளிவைக்கப்பட்டு 2021 அக்டோபரில் வாக்களித்த ஒன்பது மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2026 அக்டோபரில் ஐந்தாண்டு முடிகிறது. சென்னை உள்ளிட்ட நகர்ப்புற மன்றங்களுக்கு அது 2027-இன் தொடக்கத்தில்.